எலுமிச்சையைத் தூக்காத கை

எங்கள் சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் ஓய்ந்திருந்தால் கரண்ட் போயிருக்கிறது என்று பொருள். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஐஸ் குச்சிகளை ஒட்டி ஓர் இயந்திரக் கை செய்திருந்தாள். நீல நிறத்தில் நான்கு குட்டி மோட்டார்கள், அவற்றை நிரல்படி இயக்கும் ஓர் ஆர்டுயினோ பலகை, அண்ணனின் மடிக்கணினியிலிருந்து வரும் ஒரு யுஎஸ்பி கம்பி.

"சும்மா இருந்தா நல்லா ஆடுது மாமா. பழத்தை வச்சா தூக்க மாட்டேங்கு."

பழம் என்றது புளியங்குடி எலுமிச்சை. சமையலறைத் தராசில் 50 கிராம் காட்டியது. கை குனிந்தது, பழத்தைக் கவ்வியது, ஒரு விரற்கடை எழுந்தது, வெடவெடவென்று நடுங்கியது, தொப்பென்று தாழ்ந்துவிட்டது. மூன்றாவது முறையும் அப்படியே ஆனபோது, அவளுடைய மூன்று வயதுத் தம்பி வந்து பழத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

எனக்கு இன்னொரு மூன்று வயதுப் பிள்ளையின் நினைவு வந்தது. 2014 ஏப்ரலில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள குத்தாலப்பேரியில் ஒரு சிறுவன் ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டான். மதுரை மணிகண்டன் வடிவமைத்த இயந்திரக் கையைக் குழிக்குள் இறக்கி, சில மணி நேரத்தில் அவனை உயிரோடு தூக்கினார்கள். அந்தச் சிறுவனின் எடை எவ்வளவு இருந்துவிடப் போகிறது? மிஞ்சிப்போனால் 15 கிலோ. டன் கணக்கில் மண்ணை அள்ளும் ஜேசிபி எந்த ஊரிலும் கிடைக்கிறது. இருந்தும் 15 கிலோவைத் தூக்கத் தனியாக ஒரு கை வேண்டியிருக்கிறது.

எலுமிச்சையும் அந்தச் சிறுவனும் கேட்பது ஒரே கேள்வி. தூக்குவதில் என்ன கஷ்டம்? அந்தப் பிள்ளையும் நானுமாக மூன்று வாரம் அதற்குப் பின்னால் அலைந்தோம்.

முதலில் எடை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அரை மைல் நடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் நிற்க முடியாது. குடத்தின் எடை மாறவில்லை, தோளிலிருந்து அது இருக்கும் தூரம்தான் மாறியது. எடையையும் தூரத்தையும் பெருக்கினால் வருவதைத்தான் தோள் தாங்கியாக வேண்டும். பாடப்புத்தகம் இதைத் திருப்புத்திறன் என்கிறது. நல்ல சொல். ஒன்றைத் திருப்புவதற்கான திறன் என்று பெயரிலேயே இருக்கிறது.

அவள் வாங்கியிருந்தது எஸ்ஜி90 என்ற மோட்டார். எடை வெறும் 9 கிராம். இதன் திருப்புத்திறன் 1.8 கிலோ-சென்டிமீட்டர் என்று விவரத்தாளில் போட்டிருக்கும். அச்சிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி 1.8 கிலோவைத் தாங்கும் என்று அதற்கு அர்த்தம். 10 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் 180 கிராம்தான் தாங்கும். அதுவும் மோட்டார் மூச்சுத் திணறி நிற்கிற கடைசி எல்லை. நிம்மதியாக வேலை செய்ய வேண்டுமென்றால் அதில் பாதியைத்தான் நம்பலாம்.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு இருவரும் கணக்குப் போட்டோம். கையின் நீளம் 20 சென்டிமீட்டர். நுனியில் 50 கிராம் பழம்: பெருக்கினால் 1000. நுனியில் இருக்கும் பிடிப்பானும் அதன் மோட்டாரும் சேர்ந்து 25 கிராம்: 500. குச்சிகளும் பசையும் 40 கிராம். அந்த எடை கை நெடுக விரவிக் கிடப்பதால் நடுவில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்: 400. முழங்கை மோட்டார் 9 கிராம், பாதி தூரத்தில்: 90. மொத்தம் 1990. தோள் மோட்டாரின் கடைசி எல்லையே 1.8 கிலோ-சென்டிமீட்டர், அதாவது 1800.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழத்தின் 1000ஐ மட்டும் அடித்துவிட்டு மீதியைக் கூட்டினாள். 990. "பழமே இல்லாட்டியும் பாதிக்கு மேல இது தன்னைத் தானே தூக்கவே சரியாப் போகுது மாமா" என்றாள். இயந்திரக் கை செய்கிற எல்லோரும் முட்டிக்கொள்கிற சுவர் இதுதான். கை தூக்குகிற முதல் சுமை கையேதான்.

1981 நவம்பரில் அமெரிக்க விண்வெளி ஓடத்தில் முதல்முறையாகப் பறந்த கனடாவின் இயந்திரக் கை சுமார் 15 மீட்டர் நீளம். விண்வெளியில் பெரிய செயற்கைக்கோள்களையே பிடித்து நகர்த்திய கை அது. பூமியில் அதனால் தன் சொந்த எடையைக்கூடத் தூக்க முடியாது. சுற்றுப்பாதையில் எடையை உணராமல் மிதப்பதால்தான் அவ்வளவு மெலிந்த மூட்டுகள் அங்கே போதுமானதாக இருந்தன.

நமக்கு அந்த வசதி இல்லை. மூன்று வழிகள் இருந்தன. கையைக் குறைப்பது ஒன்று. 20ஐ 12 சென்டிமீட்டர் ஆக்கினால் குச்சியும் குறைகிறது, தூரமும் குறைகிறது. மொத்தம் 1990லிருந்து 1100க்குக் கிட்டே வந்துவிடுகிறது. இரண்டாவது வழியை நம் முன்னோர் கிணற்றடியில் செய்து வைத்திருந்தார்கள். ஏற்றத்தின் துலாவில் ஒரு பக்கம் சால், மறுபக்கம் கல்லோ ஆளோ. தோளுக்குப் பின்னால் குச்சியை நீட்டி அதில் நட்டுகளைக் கட்டினால் அவை கையின் எடையைச் சமன் செய்துவிடும், மோட்டாருக்குப் பழத்தின் பாரம் மட்டும் மிஞ்சும்.

மூன்றாவது வழியைத் தெரிந்துகொள்ள, படிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இடது கையால் உங்கள் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, இறுகப் பிடியுங்கள். இப்போது வலது கை விரல்களை மட்டும் மடக்கி நீட்டுங்கள். விரல் அசைகிறது, பிடித்த இடத்தில் தசை புரள்கிறது. விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை. அவை முன்கையில் உட்கார்ந்துகொண்டு, மணிக்கட்டு வழியாகப் போகும் தசைநாண்களால் பொம்மலாட்டக்காரரைப் போல விரல்களை இழுக்கின்றன. நுனியில் எடையைச் சேர்க்கக் கூடாது என்ற பாடத்தை உடம்பு எப்போதோ படித்துவிட்டது. பிடிப்பானின் மோட்டாரைக் கழற்றித் தோள் பக்கம் வைத்து, தூண்டில் நரம்பால் இழுத்தோம். கடைக்காரர் அதை நரம்பு என்றுதான் சொல்வார். வேலை என்னவோ தசைநாணின் வேலை.

இனி நடுக்கத்துக்கு வருகிறேன். அதற்கு முன் அந்த நீல மோட்டாருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். கெட்டுப்போன ஒன்றைத் திருகாணி கழற்றிப் பிரித்தோம். சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு சாதாரண மோட்டார். அது வேகமாகச் சுழலும், ஆனால் வலு கிடையாது. அடுத்து வெள்ளைப் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் அடுக்காக. வேகத்தைக் கொடுத்து வலுவை வாங்குவது அவற்றின் வேலை, மேட்டில் ஏறும் லாரி சின்ன கியருக்கு மாறுவது போல. மூன்றாவதுதான் உயிர்நாடி. பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்குமல்லவா, அதே மாறுமின்தடை. ரேடியோவில் நாம் திருகுவோம், மின்னழுத்தம் மாறும். இங்கே வெளி அச்சு திரும்பும்போது இதுவும் கூடவே திரும்புகிறது. மாறும் மின்னழுத்தத்தைப் பார்த்து, அச்சு இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று உள்ளே இருக்கும் சிறு சுற்றுப்பலகை தெரிந்துகொள்கிறது. போகச் சொன்ன கோணம் ஒன்று, நிற்கும் கோணம் ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும்வரை மோட்டாரை ஓட்டும், வித்தியாசம் தீர்ந்ததும் நிறுத்தும்.

செய்ததன் விளைவை மறுபடி பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னூட்டம் என்று பெயர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. விசைத்தறியில் ஊடை நூலைத் தொட்டுப் பார்க்கும் ஒரு சிறு கம்பி உண்டு. முள்கரண்டி மாதிரி இருக்கும். நாடா போய்வரும்போது நூல் அதில் பட வேண்டும். நூல் அறுந்து, கம்பியில் எதுவும் படாவிட்டால் தறி நின்றுவிடும். அந்தக் கம்பி இல்லாத தறி, நூல் இல்லாமலே மணிக்கணக்காக அடித்துக்கொண்டிருக்கும். நம் மோட்டாரில் கம்பியின் வேலையை அந்த ரேடியோ திருகு செய்கிறது.

உள்ளே பின்னூட்டம் இருக்கிறது என்று பிரிக்காமலே தெரிந்துகொள்ளவும் வழியிருக்கிறது. மின்சாரம் கொடுத்து ஒரு கோணத்தில் நிறுத்திவிட்டு, அதன் கொம்பை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். எதிர்த்துத் தள்ளும், விட்டால் பழைய இடத்துக்கே வரும். பொம்மைக் கார் மோட்டார் தள்ளின இடத்திலேயே கிடக்கும். தன் இடத்தை அறிந்த ஒன்றுதான் இடத்துக்காகச் சண்டை போடும். மெல்லத் தள்ளுங்கள், பிளாஸ்டிக் பல் முறிந்துவிடும்.

எந்தக் கோணம் என்று ஆர்டுயினோ சொல்லும் மொழியும் அழகானது. பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் நிறுத்து, இரண்டு கொடுத்தால் போகலாம். எவ்வளவு பலமாக ஊதினார் என்பது முக்கியமில்லை. இங்கே எத்தனை விசில் என்பதற்குப் பதில், விசில் எவ்வளவு நீளம் என்பதே செய்தி. நொடிக்கு 50 முறை மின்துடிப்பு போகிறது. ஒவ்வொரு துடிப்பும் 1 மில்லிநொடி நீடித்தால் ஒரு கோடி, 2 மில்லிநொடி நீடித்தால் மறுகோடி, ஒன்றரை என்றால் நடு. துடிப்பின் அகலத்தில் செய்தியை ஏற்றுவதால் இதைத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்பார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கை ஏன் நடுங்கியது? இதில் எனக்கு ஒரு முழு இரவு போயிற்று. நிரலை வரி வரியாகப் படித்தேன், கம்பிகளை மாற்றினேன். விடியற்காலையில் தோட்டத்துப் பம்புசெட் ஓடத் தொடங்கியதும் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கி எரிந்தது. அப்போதுதான் உறைத்தது. பெரிய மோட்டார் ஒன்று கிளம்பும்போது மின்சாரத்தை வாரி இழுக்கும், அதே இணைப்பில் இருக்கும் விளக்கு மங்கும். குட்டி மோட்டாரும் பாரத்தில் திணறும்போது பல நூறு மில்லிஆம்பியர் இழுக்கிறது. அவள் அண்ணனின் மடிக்கணினியின் யுஎஸ்பி துளை தரக்கூடியது 500. நான்கு மோட்டார்கள் ஒன்றாக இழுத்ததும் மின்னழுத்தம் சரிந்து, ஆர்டுயினோ மயங்கி, மறுபடி விழித்து, நிரலை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. நாம் நடுக்கமாகப் பார்த்தது அது அடுத்தடுத்து மயங்கி விழித்ததைத்தான்.

மோட்டார்களுக்குத் தனி மின்கலத் தொகுப்பு கொடுத்தோம். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: மின்கலத்தின் எதிர்முனையையும் ஆர்டுயினோவின் எதிர்முனையையும் கட்டாயம் ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். இருவர் உயரத்தை ஒப்பிட இருவரும் ஒரே தரையில் நிற்க வேண்டாமா? மின்துடிப்பு எவ்வளவு உயரம் என்று மோட்டார் அளப்பதற்கும் பொதுவான தரை ஒன்று வேண்டும்.

மோட்டார் வாங்கக் காசில்லை என்றால் விட்டுவிட வேண்டியதில்லை. மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்சுகள், கொஞ்சம் ரப்பர் குழாய், தண்ணீர் போதும். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போய்ச் சேரும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பிளேஸ் பாஸ்கல் கண்டார். சிறிய சிரிஞ்சை அழுத்தினால் மறுமுனையில் பெரிய சிரிஞ்சு அதிக விசையோடு, ஆனால் குறைந்த தூரம் நகரும். ஜேசிபியின் கை இதே விதியில்தான் எண்ணெயால் இயங்குகிறது. குழாயில் ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் கை தொளதொளக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. என் கணக்கில் முதன்முதலாகக் கை செய்யும் பிள்ளைக்கு சிரிஞ்சுதான் சிறந்தது. விசை எங்கிருந்து எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

கைக்கு எத்தனை மூட்டு வேண்டும் என்று அவள் கேட்டாள். ஒரு பொருளை எங்கே வைப்பது என்பதற்கு மூன்று விவரம்: முன்பின், இடவலம், மேல்கீழ். அதை எப்படித் திருப்பி வைப்பது என்பதற்கு இன்னும் மூன்று. ஆக ஆறு. ஒன்றையொன்று சாராமல் அசையக்கூடிய இந்த எண்ணிக்கையைப் பாடநூல் சுதந்திர இயக்கக் கூறுகள் என்கிறது. நம் கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஏழு இருக்கின்றன. அந்தக் கூடுதல் ஒன்றை நீங்களே பார்க்கலாம். உள்ளங்கையை மேசையில் அசையாமல் பதித்து, தோளையும் நகர்த்தாமல் முழங்கையை மட்டும் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடுகிறதல்லவா? இடையில் ஒரு தடை இருந்தால் முழங்கையை ஒதுக்கிக்கொண்டு எட்டுவதற்கு அது உதவுகிறது. 2024 டிசம்பர் 30 அன்று பிஎஸ்எல்வி சி60 ராக்கெட்டில் போன இஸ்ரோவின் நடக்கும் இயந்திரக் கைக்கும் ஏழு மூட்டுகள்தான். திருவனந்தபுரத்தில் செய்யப்பட்டது. ஒரு முனையைப் பற்றிக்கொண்டு மறுமுனையை எடுத்து வைத்து, வளைந்து நகரும் புழு போல இடம் மாறக்கூடியது. பள்ளிக் கண்காட்சிக்கு நான்கு போதும்.

மூன்றாவது வாரம் பழம் மேலே வந்தது. வந்த வேகத்தில் வழுக்கி விழுந்தது. இறுக்கிப் பிடிக்கச் சொன்னோம், பழம் நசுங்கிச் சாறு வடிந்தது.

என் பார்வையில் இந்தக் கட்டுரையின் உண்மையான விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. எடை கணக்கில் அடங்கும், கோணம் திருகில் அடங்கும். பிடி அவ்வளவு எளிதில் அடங்காது. வழுக்காத அளவுக்கு இறுக்கம், நசுங்காத அளவுக்கு நெகிழ்வு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி தக்காளிக்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று, ஈரமான டம்ளருக்கு வேறொன்று.

நாம் எப்படிச் சமாளிக்கிறோம்? சுவீடனில் ரோலண்ட் யோகான்சனும் யோரன் வெஸ்ட்லிங்கும் 1984இல் வெளியிட்ட சோதனைகள் இதை அழகாகக் காட்டின. சிறு பொருளொன்றை இரு விரலால் தூக்கச் சொன்னார்கள். பொருளின் பக்கங்களில் பட்டுத்துணி, உப்புத்தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினார்கள். பிடிக்கும் விசையை உள்ளிருந்த உணர்வி அளந்தது. வழுவழுப்பாக இருந்தால் விரல்கள் தாமாகவே கூடுதலாக இறுக்கின, சொரசொரப்பாக இருந்தால் தளர்த்தின. எப்போதும் வழுக்கும் எல்லைக்குச் சற்று மேலே, கொஞ்சம் உபரியோடு. பொருள் லேசாக நழுவினால் பத்தில் ஒரு நொடிக்குள் பிடி இறுகியது. தூக்கியவருக்கு அது தெரியக்கூட இல்லை. பிறகு விரல்களை மரத்துப்போகச் செய்து அதையே தூக்கச் சொன்னபோது, அந்தத் திருத்தம் கெட்டுப்போனது. தசைகள் அப்படியே இருந்தன, சேதி வருவதுதான் நின்றது. ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத்தில் மட்டும் சுமார் 17,000 தொடு உணர்விகள் இருப்பதாக இதே துறையினர் மதிப்பிட்டிருக்கிறார்கள். தம்பி பழத்தை எடுத்துக்கொண்டு ஓடினான் என்றால், அத்தனையும் அவனுக்காக ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டிருந்தன.

1961இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்த யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை இயந்திரக் கைக்கு அப்படியொரு தொடு உணர்வும் கிடையாது. சூடான வார்ப்புகளை எடுத்து வைக்கும் வேலை. பொருள் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே அளவில் வரும்படி மனிதர்கள் ஏற்பாடு செய்து கொடுத்ததால் அது போதுமாயிற்று. ஆழ்துளைக் கிணற்றில் அந்த ஏற்பாட்டை யார் செய்து கொடுப்பது?

அகலம் ஒரு சாண், மிஞ்சினால் அதற்குக் கொஞ்சம் மேல். முழங்கை மடங்க இடமில்லாததால் ஆறு ஏழு மூட்டுகள் பயன்படாது. கயிற்றில் நேராக இறங்கி, நுனியில் பிடிக்க வேண்டும். கேமரா காட்டுவதை மேலே திரையில் பார்த்து ஒருவர் இயக்க வேண்டும். அவருக்குக் கண் இருக்கிறது, தொடு உணர்வு இல்லை. விரல் மரத்துப்போனவரின் நிலைதான். ஈர மண்ணும் குழாய்ச் சுவரும் குழந்தையை உராய்ந்து பிடித்திருப்பதால் வெறும் எடையைவிட அதிகமாக இழுக்க வேண்டியிருக்கும். அவ்வளவு விசையையும் குழந்தையின் உடல் தாங்க வேண்டும், காயப்படக் கூடாது. இழுக்கும்போது நழுவினால் இன்னும் கீழே போய்விடும். எலுமிச்சையில் இரண்டாவது முறை முயன்றுகொள்ளலாம் என்று இருந்தோம். இங்கே அப்படி இருக்க முடியாது. குத்தாலப்பேரியில் அந்தக் கை வென்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதைதான் வருகிறது. 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது மணிகண்டனின் கருவி உட்படப் பல முயற்சிகள் நடந்தன. குழந்தை மேலும் மேலும் கீழே சரிந்தது. 29ஆம் தேதி அதிகாலையில் உடலைத்தான் எடுக்க முடிந்தது.

எங்கள் பிடிப்பானுக்குக் கடைசியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். உராய்வு கூடினால் குறைந்த இறுக்கமே போதும். நழுவுவதை அறியும் உணர்வி இல்லாவிட்டாலும், நழுவுவதையே குறைக்கலாமே. எலுமிச்சை எழுந்தது, திரும்பியது, தட்டில் போய் உட்கார்ந்தது. கண்காட்சியில் அவள் கைக்குப் பக்கத்தில் அந்தக் கணக்குத் தாளையும் ஒட்டி வைத்தாள், 1990 என்ற கூட்டுத்தொகையோடு.

இன்னொரு தாளையும் அவளே எழுதி ஒட்டினாள். பயன்படாத ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும், பயன்பாட்டில் உள்ள குழாயின் வாயை இரும்புத் தகட்டாலோ உறுதியான மூடியாலோ அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே நெறிமுறை வகுத்திருக்கிறது. இயந்திரக் கை செய்யும் பிள்ளைகளே, உங்கள் ஊர்க் காட்டிலும் தோட்டத்திலும் வாய் திறந்து கிடக்கும் குழி ஏதாவது இருக்கிறதா என்று பெரியவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். இருந்தால் அன்றைக்கே ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.